இறக்குமதித் தடைக்குப் பின் 15 நாள்: டிஜிஎஃப்டியின் எல்.சி. பதிவு சேவை எவ்வளவு தேறும்?

நேற்றுவரை 'ஃப்ரீ' என்று இருந்த சரக்கு, அரசிதழில் ஒரு பக்கம் ஏறியதும் 'ரெஸ்ட்ரிக்டட்' (லைசென்ஸ் இருந்தால்தான் இறக்கலாம்) ஆகிவிடுகிறது. ஒப்பந்தம் போட்டாயிற்று, வங்கியில் மார்ஜின் (முன்வைப்புத் தொகை) கட்டியாயிற்று, விற்பவர் சரக்கை மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார். இந்த நிலையில் இருக்கும் இறக்குமதியாளருக்கு அரசு திறந்து வைத்திருக்கும் வாசல், வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையின் 1.05(பி) பத்தி. தடை வருவதற்கு முன்பே திறக்கப்பட்ட, திரும்பப் பெற முடியாத வணிக எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட்: ஆவணங்கள் சரியாக இருந்தால் விற்பவருக்குப் பணம் தருவதாக வங்கி தரும் உறுதி) இருந்தால், தடை வந்த 15 நாளுக்குள் டிஜிஎஃப்டியின், அதாவது வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின், மண்டல அலுவலகத்தில் அதைப் பதிய வேண்டும். எல்.சி.யில் மீதியுள்ள அளவு, மதிப்பு, காலம் ஆகியவற்றுக்குள் சரக்கைப் பழைய விதியின்படியே இறக்கலாம்.

நாம் எடைபோடப்போவது இந்தப் பதிவு சேவையை. இதற்குப் போட்டியாகச் சந்தையில் பேசப்படும் மற்ற வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்: உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு ஸ்டே (இடைக்காலத் தடை) வாங்குவது, டிஜிஎஃப்டியின் கொள்கைத் தளர்வுக் குழுவிடம் போவது, கஸ்டம்ஸில் அபராதம் கட்டிச் சரக்கை மீட்பது.

எங்கள் மதிப்பெண்: எல்.சி. பதிவுக்கு ஐந்துக்கு மூன்றரை. ஸ்டேயை நம்பிச் சரக்கு இறக்குவதற்கு ஐந்துக்கு அரை. அந்த அரையும் வக்கீலின் உழைப்புக்காக.

முதலில், இது தேவையா என்று பாருங்கள்

பலர் பதற்றத்தில் தேவையில்லாமல் இந்த வரிசையில் போய் நிற்கிறார்கள். இறக்குமதி எந்த நாளில் நடந்தது என்பதை, கப்பல் நம் துறைமுகத்துக்கு வந்த தேதியோ பில் ஆஃப் என்ட்ரி (கஸ்டம்ஸில் தரும் இறக்குமதி அறிக்கை) போட்ட தேதியோ தீர்மானிப்பதில்லை. கடல் வழியென்றால் பில் ஆஃப் லேடிங் (பி.எல்., கப்பல் நிறுவனம் தரும் சரக்குச் சீட்டு) தேதி. விமானம் என்றால் ஏர்வே பில் தேதி. பலவகைப் போக்குவரத்து என்றால் முதல் கேரியரிடம் சரக்கை ஒப்படைத்த தேதி. நடைமுறைக் கையேடு இதைத் தெளிவாகவே சொல்கிறது. பி.எல். தேதி தடைக்கு முந்தியதாக இருந்தால் எல்.சி. பதிவு வேண்டாம்; அந்தச் சரக்கைத் தடை தொடாது.

ஆனால் பி.எல். என்றால் எந்த பி.எல்.? 'சரக்கு பெறப்பட்டது' என்று மட்டும் போட்ட பி.எல்.லை வைத்துக்கொண்டு வாதாட வேண்டாம். 'ஷிப்டு ஆன் போர்டு' குறிப்பும் அதன் தேதியும் இருக்க வேண்டும். கப்பல் அந்த நாளில் அந்தத் துறைமுகத்தில் நின்றதா என்பதைக் கன்டெய்னர் டிராக்கிங்கை வைத்தே கஸ்டம்ஸ் சரிபார்த்துவிடும். துபாயிலோ சிங்கப்பூரிலோ பி.எல். மாற்றி வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மாற்றிய பி.எல்.லில் புதுத் தேதி விழுந்துவிட்டால் மூல பி.எல்.லின் நகல் இல்லாமல் பேச்சு எடுபடாது. நடுக்கடல் விற்பனையில், அதாவது ஹை சீஸ் சேலில், சரக்கு வாங்கியவருக்கு இந்தச் சலுகை கிடையாது என்று பத்தியிலேயே எழுதியிருக்கிறது. அங்கே வாதாட இடமே இல்லை.

இன்னொரு கூட்டமும் இந்த வரிசையில் நிற்க வேண்டியதில்லை: ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருப்பவர்கள். புதிய கொள்கை வருமுன் வழங்கிய லைசென்ஸ், வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை, எதற்காக வழங்கப்பட்டதோ அதற்குச் செல்லும் என்று 1.05(ஏ) சொல்கிறது. ரெஸ்ட்ரிக்டட் சரக்குக்கான லைசென்ஸ் சாதாரணமாக 18 மாதம் செல்லும். அட்வான்ஸ் ஆதரைசேஷன் (ஏற்றுமதிப் பொருள் செய்யத் தேவையான மூலப்பொருளை வரியின்றி இறக்கும் அனுமதி) வைத்திருப்பவருக்கு இன்னொரு தெம்பு உண்டு. அதன்கீழ் ரெஸ்ட்ரிக்டட் சரக்கை இறக்கலாம், முற்றிலும் தடை செய்ததை மட்டும் இறக்க முடியாது. 2016 பிப்ரவரியில் 173 உருக்குப் பொருள்களுக்குக் குறைந்தபட்ச இறக்குமதி விலை விதித்தபோதும் அட்வான்ஸ் ஆதரைசேஷனுக்கு விலக்கு கொடுத்தார்கள். ஆகவே அறிவிக்கையில் 'ரெஸ்ட்ரிக்டட்' என்றிருக்கிறதா, 'ப்ரொஹிபிடட்' என்றிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். அந்த ஒரு சொல்லில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

எல்.சி. எப்படி இருக்க வேண்டும்

சேவையின் தரம் பெரும்பாலும் நாம் கொண்டுபோகும் காகிதத்தின் தரத்தைப் பொறுத்தது. எல்.சி. திறந்ததும் ஸ்விஃப்டில் (வங்கிகளுக்கிடையே செய்தி அனுப்பும் வலையமைப்பு) போகும் செய்தி எம்.டி. 700. அதில் சில கட்டங்களை மட்டும் கையில் பென்சிலோடு பார்த்தால் போதும்.

40ஏ: எல்.சி.யின் வகை. 'இர்ரெவோகபிள்' என்று இருக்க வேண்டும். எல்.சி.க்கான சர்வதேச விதித் தொகுப்பான யு.சி.பி. 600-படி ஒன்றும் எழுதாவிட்டாலும் எல்.சி. திரும்பப் பெற முடியாததுதான். ஆனால் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு யு.சி.பி. பாடம் எடுக்கும் வேலை நமக்கு எதற்கு? 31சி: திறந்த தேதி. இது தடைத் தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும். 31டி: காலாவதித் தேதியும் இடமும். 44சி: கடைசி ஷிப்மென்ட் தேதி. 32பி: நாணயமும் தொகையும். 39ஏ: கூட்டிக் குறைக்கும் சதவீதம். 45ஏ: சரக்கு விவரம். 43பி: பகுதி பகுதியாக அனுப்பலாமா என்பது.

அதிகமாகச் சறுக்குவது 45ஏ-வில்தான். 'பருப்பு வகைகள்' என்று பொதுவாக எழுதிவிட்டு, தடை வந்ததும் அது மஞ்சள் பட்டாணிக்குத்தான் என்றால் யார் ஏற்பார்கள்? சரக்கின் பெயர், ரகம், அளவு எல்லாம் அறிவிக்கையில் உள்ள எட்டு இலக்கக் குறியீட்டோடு பொருந்தினால் வேலை சுலபம். எல்.சி.யில் குறியீடு இல்லையென்றால், எல்.சி. எண்ணைக் குறிப்பிடும் ஒப்பந்தத்திலோ ப்ரொஃபார்மா இன்வாய்ஸிலோ அது இருக்க வேண்டும். அந்தக் காகிதத்தின் தேதியும் தடைக்கு முந்தியதாகவே இருக்க வேண்டும்.

பத்தியில் 'வணிக எல்.சி.' என்று இருப்பதால், உத்தரவாதம் போல வேலை செய்யும் ஸ்டாண்ட்பை எல்.சி. சேராது. உடனடியாகப் பணம் தருவதா, 90 நாள் கழித்துத் தருவதா என்பதை விதி பார்ப்பதில்லை. எல்.சி. திறந்தவரும் ஐ.இ.சி. (இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டெண்) வைத்திருப்பவரும் ஒருவராக இருக்க வேண்டும். அண்ணன் கம்பெனி பெயரில் எல்.சி., தம்பி கம்பெனி பெயரில் பில் ஆஃப் என்ட்ரி என்ற குடும்ப ஏற்பாடு இங்கே செல்லாது.

திருத்தங்களுக்கு வருவோம். எம்.டி. 707 என்ற செய்தியில் வங்கி திருத்தம் அனுப்பும். தடைக்கு முன் செய்த திருத்தம் கணக்கில் சேரும். தடைக்குப் பிறகு தொகையைக் கூட்டினாலோ தேதியை நீட்டினாலோ, அந்த நீட்சி இந்தச் சலுகைக்குள் வராது. தடை விழுந்த நாளில் எல்.சி. எப்படி நின்றதோ அதுதான் எல்லை.

மீதிக் கணக்கு இப்படி: 1,000 டன் பட்டாணிக்கு, டன் 400 டாலர் விலையில், 4,00,000 டாலருக்கு எல்.சி. என்று வையுங்கள். தடைக்கு முன் 400 டன் ஏறிவிட்டது. மீதி 600 டன், 2,40,000 டாலர். இரண்டும் தனித்தனி உச்சவரம்பு. விற்பவர் விலையை 420 ஆக ஏற்றிவிட்டால் 2,40,000 டாலருக்கு 571 டன்தான் வரும். 600 டன் அனுமதி இருக்கிறதே என்று சொல்ல முடியாது. கூட்டிக் குறைக்கும் சதவீதம் இருந்தால் அதைப் பதிவின்போதே எழுத்தில் காட்டிவிடுங்கள். பிறகு துறைமுகத்தில் எடைச்சீட்டில் 12 டன் கூடினால் அதைத் தனியாகப் பிடித்து வைப்பார்கள்.

பதினைந்து நாளை எண்ணுவது

தடை விதித்த நாளிலிருந்து 15 நாள். வேலை நாள் என்று எங்கும் சொல்லவில்லை. அரசிதழ்த் தேதியை முதல் நாளாகவே வைத்து எண்ணுங்கள். பொங்கல், தீபாவளி விடுமுறை நடுவில் விழுந்தால் முன்கூட்டியே முடித்துவிடுங்கள். கடைசி நாள் கணக்கில் ஒரு நாள் தவறியதற்காக உயர் நீதிமன்றம் போவது கொசுவுக்கு பீரங்கி.

எந்தத் தேதி என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 1992-ஆம் ஆண்டின் வெளிநாட்டு வர்த்தகச் சட்டம், பிரிவு 3(2), அரசிதழில் வெளியிடும் ஆணையைத்தான் பேசுகிறது. இணையதளத்தில் பிடிஎஃப் ஏறியதும் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்ததும் வேறு விஷயம். மின்-அரசிதழ் வந்தபின் தேதியோடு நேரமும் பதிவாகிறது. ஜி.எஸ்.சத்தா ரைஸ் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 செப்டம்பர் 23 அன்று இதைத்தான் பார்த்தது. பாகிஸ்தான் சரக்குக்கு 200 சதவீத வரி போட்ட அறிவிக்கை 2019 பிப்ரவரி 16 இரவு 20:46:58-க்கு ஏறியது. அதற்கு முன் அன்று பகலிலேயே அட்டாரியில் பில் ஆஃப் என்ட்ரி போட்டவர்களுக்குப் புது வரி பொருந்தாது என்று தீர்ப்பு. அது வரி பற்றிய வழக்கு. எல்.சி. திறந்த நேரம் தடை நாளிலேயே விழுந்திருந்தால், அதே தர்க்கத்தை எடுத்து வைக்கலாம். அதற்கு எம்.டி. 700 வெளியே போன நேர முத்திரையும் மின்-அரசிதழின் நேர முத்திரையும் இரண்டுமே கையில் வேண்டும்.

எல்.சி. பதிவில் அதிகாரிகள் இப்போது காட்டும் சந்தேகப் பார்வைக்குக் காரணம் கோதுமை. 2022 மே 13, வெள்ளிக்கிழமை, கோதுமை ஏற்றுமதியைத் தடை செய்தார்கள். அன்றோ அதற்கு முன்போ திறந்த எல்.சி.க்கு மட்டும் விலக்கு. அடுத்த சில நாளில் பழைய தேதி போட்ட எல்.சி.கள் மழைக்காளான் போல முளைத்தன. மாத இறுதியில் டிஜிஎஃப்டி, எல்.சி.யில் எழுதிய தேதியை மட்டும் பார்க்காமல் வங்கிகளுக்கிடையே ஸ்விஃப்ட் செய்தி பரிமாறிய தேதியையும் பார்க்கச் சொன்னது. மோசடி என்று தெரிந்தால் சி.பி.ஐ. வரை போகும் என்றும் எச்சரித்தது. அது ஏற்றுமதி, உங்களுடையது இறக்குமதி என்றாலும் பதியும் அலுவலகமும் பார்க்கும் கண்ணும் ஒன்றே.

ஆகவே வங்கியிடம் கேட்டு வாங்க வேண்டியது வெறும் எல்.சி. நகல் அல்ல. வங்கியின் லெட்டர்ஹெட்டில் ஒரு சான்று: எல்.சி. எண், திறந்த தேதி, ஸ்விஃப்ட் போன தேதியும் நேரமும், இதுவரை செய்த திருத்தங்களின் பட்டியல், தடைத் தேதியில் பயன்படாமல் மீதியிருந்த அளவும் தொகையும், கடைசி ஷிப்மென்ட் தேதி, காலாவதித் தேதி. கையெழுத்திட்டவரின் பெயரும் பணியாளர் எண்ணும் இருக்க வேண்டும். கிளையில் கேட்டால் டிரேட் ஃபைனான்ஸ் மையத்தில் கேட்கச் சொல்வார்கள், அங்கே கேட்டால் கிளை மூலம் வரச் சொல்வார்கள். இதற்கே நான்கு நாள் போகும். முதல் நாளே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

விண்ணப்பம் உங்கள் ஐ.இ.சி. முகவரிக்குரிய அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். தமிழ்நாட்டில் சென்னை நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவன், கோயம்புத்தூர், மதுரை. சரக்கு இறங்கும் துறைமுகத்தை வைத்து அலுவலகம் மாறாது. முந்த்ராவில் இறங்கினாலும் திருப்பூர்க்காரருக்குக் கோயம்புத்தூர்தான். கொடுத்ததும் கணினி ரசீது கையில் வந்தாக வேண்டும், அதுதான் 15 நாளுக்குச் சாட்சி. வேடிக்கை என்னவென்றால் பலர் இங்கே தடுக்கி விழுவது சட்டத்தில் அல்ல. ஆண்டுதோறும் ஏப்ரல்-ஜூனில் புதுப்பிக்காத ஐ.இ.சி. முடங்கிக் கிடக்கும், டிஜிட்டல் கையெழுத்து காலாவதியாகியிருக்கும், கணக்கில் இணைத்த கைபேசி எண் வேலையை விட்டுப்போன மேலாளருடையதாக இருக்கும்.

சேவையின் பெரிய ஓட்டை

பத்தியில் ஒரு சொல் உண்டு: 'வேறுவிதமாகக் குறிப்பிடாதவரை'. அந்தச் சொல்லை வைத்து முழுச் சேவையையும் ஒரே வரியில் அணைத்துவிடலாம். 2022 செப்டம்பர் 8 அன்று குறுணை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்த அறிவிக்கை, 1.05 பத்தியின் இடைக்கால ஏற்பாடு பொருந்தாது என்று நேராகவே சொல்லிவிட்டது. பதிலுக்குத் தனி விலக்குகள் வைத்தது: அறிவிக்கைக்கு முன் கப்பலில் ஏற்ற ஆரம்பித்திருந்தால், ஷிப்பிங் பில் (ஏற்றுமதி அறிக்கை) போட்டுக் கப்பல் வந்து நங்கூரமிட்டு ரொட்டேஷன் எண்ணும் (கப்பல் வருகைப் பதிவு எண்) கொடுத்திருந்தால், சரக்கை கஸ்டம்ஸிடம் ஒப்படைத்துப் பதிவும் ஆகியிருந்தால். எல்.சி. வைத்திருந்தவருக்கு ஒன்றுமில்லை.

மறுபக்கமும் நடக்கும். 2023 ஆகஸ்ட் 3 அன்று மடிக்கணினி, டேப்லெட் இறக்குமதிக்கு உடனடியாக லைசென்ஸ் என்றார்கள். மறுநாளே, அக்டோபர் 31 வரை லைசென்ஸ் இல்லாமல் இறக்கலாம், நவம்பர் 1 முதல்தான் வேண்டும் என்று மாற்றினார்கள். அந்த இடைவெளியில் எல்.சி. பதிய ஓடியவர்கள் வீணாக ஓடினார்கள். அறிவிக்கை வந்தால் முதலில் கடைசிப் பத்திகளைப் படியுங்கள். இடைக்கால ஏற்பாடு பற்றிய வரி பெரும்பாலும் வாலில்தான் ஒளிந்திருக்கும்.

இரண்டாவது குறை நியாயத்தைப் பற்றியது. டி.டி. (டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர், வங்கி வழி நேரடிப் பணப் பரிமாற்றம்) மூலம் முழுப் பணத்தையும் முன்பே அனுப்பியவர், எல்.சி. திறந்தவரைவிட அதிகமாகவே சிக்கியிருக்கிறார். ஆனால் பத்தியில் அவருக்கு இடமில்லை. வங்கி வழியாக ஆவணங்கள் வந்ததும் பணம் தரும் டி.பி., தவணை ஏற்கும் டி.ஏ. வியாபாரத்துக்கும் இடமில்லை. எல்.சி. மார்ஜின் கட்ட முடியாத சிறு வியாபாரிகள்தான் டி.டி.யில் வாங்குகிறார்கள், பெரிய கையிடம் எல்.சி. லிமிட் இருக்கிறது. மூன்றரைக்கு மேல் மதிப்பெண் போகாததற்கு இதுதான் முதல் காரணம். கொள்கை மாறும் வாய்ப்புள்ள சரக்கில் வேலை செய்பவர் ஒப்பந்தத்தில் ஒரு பகுதியையாவது எல்.சி.யில் போட்டு வைப்பது நல்லது. பருப்பு, மிளகு, பாக்கு, உருக்கு ஆகியவை அந்த வகை. எல்.சி. கட்டணத்தைக் காப்பீட்டுப் பிரீமியம் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

ஸ்டே என்னும் கவர்ச்சி

பதிவு கிடைக்காதவர் அடுத்துத் தட்டும் கதவு உயர் நீதிமன்றம். அரசமைப்புச் சட்டம் பிரிவு 226-இல் ரிட், அதோடு ஓர் இடைக்கால மனு. சரக்கு துறைமுகத்தில் நின்று வாடகை ஏறுவதைச் சொன்னால் இடைக்கால உத்தரவு கிடைத்துவிடவும் செய்கிறது. சிக்கல் அதற்குப் பிறகு.

2017 ஆகஸ்டில் துவரைக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டன், பாசிப்பயறு-உளுந்துக்கு 3 லட்சம் டன் என்று வரம்பு வந்தது; அடுத்து பட்டாணிக்கும் வந்தது. 2019 மார்ச் 29 அறிவிக்கைகளை எதிர்த்துப் பலர் ரிட் போட்டார்கள். அளவுக் கட்டுப்பாடு விதிக்க வேண்டுமானால் வெளிநாட்டு வர்த்தகச் சட்டத்தின் பிரிவு 9ஏ-இல் சொன்ன விசாரணையை நடத்தித்தான் விதிக்க முடியும், உலக வர்த்தகத்துக்கான காட் ஒப்பந்தமும் அதைத்தான் சொல்கிறது என்பது வாதம். இடைக்கால உத்தரவு வாங்கிய சிலர் அதைக் காட்டிக் கப்பல் கப்பலாக இறக்கினார்கள். மத்திய அரசு வழக்குகளை உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றிக் கேட்டது.

2020 ஆகஸ்ட் 26 அன்று அக்ரிகாஸ் வழக்கில் தீர்ப்பு. பிரிவு 3(2)-இன் அதிகாரத்தை 9ஏ குறைக்காது, அறிவிக்கைகள் செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். அதோடு நிற்கவில்லை. இடைக்கால உத்தரவை நம்பிச் சரக்கை இறக்கியவர்கள் அப்பாவிகள் அல்ல, தெரிந்தே ஆபத்தை ஏற்றவர்கள், சட்டப்படி வரும் விளைவைச் சந்திக்கட்டும் என்று விட்டுவிட்டது.

விளைவு எப்படி இருந்தது என்பதற்கு ராஜ் க்ரோ இம்பெக்ஸ் தீர்ப்பைப் பாருங்கள், 2021 ஜூன் 17. வர்த்தகச் சட்டத்தின் பிரிவு 3(3)-படி, தடையாணைக்குட்பட்ட சரக்கு கஸ்டம்ஸ் சட்டத்தில் 'தடை செய்யப்பட்ட சரக்கு' ஆகிறது. அப்படியானால் கஸ்டம்ஸ் சட்டம் பிரிவு 125-இல் மீட்பு அபராதம் கட்டி எடுப்பது உரிமையல்ல, அதிகாரியின் விருப்புரிமை. விசாரித்த கஸ்டம்ஸ் அதிகாரி மஞ்சள் பட்டாணியை அபராதத்தோடு விடுவித்திருந்தார். மேல்முறையீட்டில் அது ரத்தாகி முழுப் பறிமுதல் என்று ஆனது. பம்பாய் உயர் நீதிமன்றம் விடுவிக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதையும் மாற்றி முழுப் பறிமுதலை நிலைநிறுத்தியது. அபராதம் கட்டி வெளிநாட்டுக்கே திருப்பி அனுப்ப மட்டும் ஒரு வழி விட்டது. உள்நாட்டு விவசாயியின் விலையைக் காக்கக் கொண்டுவந்த வரம்பை, அபராதம் கட்டிக் கடந்துவிடலாம் என்றால் வரம்பு எதற்கு என்ற கேள்விதான் அந்தத் தீர்ப்பின் அடிநாதம்.

எனவே 'இறக்குவோம், கடைசியில் பத்து சதவீதம் அபராதம் கட்டினால் போச்சு' என்று யாராவது யோசனை சொன்னால், அது 2021-க்கு முந்திய யோசனை.

ரிட்டே வீண் என்று சொல்ல வரவில்லை. எங்கே அது வேலை செய்யும் என்பது முக்கியம். 'கொள்கையை மாற்றாதே' என்று கேட்டால் பெரும்பாலும் தோல்விதான். சென்னையைச் சேர்ந்த பி.டி.ஆர். எக்ஸ்போர்ட்ஸ் வழக்கிலேயே 1996-இல் உச்ச நீதிமன்றம் இதை முடித்துவிட்டது: பழைய ஆடை ஏற்றுமதிக் கோட்டாக் கொள்கைப்படியே தனக்குத் தர வேண்டும் என்று கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை. ஏற்கெனவே கையில் இருக்கும் லைசென்ஸின் நிபந்தனையை எதிர்ப்பதும் லேசல்ல. அட்வான்ஸ் ஆதரைசேஷனில் ஐ.ஜி.எஸ்.டி. விலக்கு வேண்டுமானால் முதலில் இறக்குமதி, பிறகுதான் ஏற்றுமதி என்று 2017 அக்டோபரில் வைத்த நிபந்தனையைக் குஜராத் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2023 ஏப்ரல் 28 அன்று காஸ்மோ ஃபிலிம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் நிபந்தனையை மீட்டு வைத்தது. கட்டிய வரியை உள்ளீட்டு வரவாகவோ ரீஃபண்டாகவோ பெற வழி செய்ததுதான் ஆறுதல்.

ரிட் ஜெயிக்கும் இடங்கள் குறுகலானவை, ஆனால் உறுதியானவை. பின்தேதியிட்டு உரிமையைப் பறித்திருந்தால் போகலாம். வர்த்தகச் சட்டத்தின் பிரிவு 5-இன்கீழ் பின்னோக்கிச் செல்லும் அதிகாரம் அரசுக்கு இல்லை என்று கனக் எக்ஸ்போர்ட்ஸ் வழக்கில், 2015 அக்டோபரில், தீர்ப்பு வந்திருக்கிறது. அதே சட்டத்தின் பிரிவு 9(4)-படி காரணத்தை எழுதி வைக்காமலோ, நம் பேச்சைக் கேட்காமலோ லைசென்ஸை ரத்து செய்திருந்தால் போகலாம். அங்கே முதலில் 45 நாளுக்குள் மேல்முறையீடு இருக்கிறதா என்று நீதிமன்றம் கேட்கும். 15 நாளுக்குள் கொடுத்த எல்.சி.யைப் பதிய மறுத்தால், அல்லது வாங்கி வைத்துக்கொண்டு பதிலே சொல்லாமல் இருந்தால், கட்டாயம் போகலாம். கோரிக்கையையும் குறுக்கி வையுங்கள்: 'அறிவிக்கையை ரத்து செய்' என்பதைவிட 'என் விண்ணப்பத்தை இன்ன தேதிக்குள் 1.05(பி)-படி முடிவு செய்' என்பது நீதிபதிக்கும் சுலபம், உங்களுக்கும் பாதுகாப்பு. சரக்கு தூத்துக்குடியிலோ ஐ.இ.சி. மதுரையிலோ என்றால் மதுரைக் கிளை.

காத்திருப்பதன் விலை

எந்த வழியில் போனாலும் துறைமுகத்தில் மீட்டர் ஓடுகிறது. 30 நாளுக்குள் கிளியர் செய்யாத சரக்கைக் கஸ்டம்ஸ் சட்டம் பிரிவு 48-இல் விற்கவும் முடியும். வழக்கு நடக்கும்போது பிரிவு 49-இல் கிடங்குக்கு மாற்ற விண்ணப்பம் போடுங்கள். கன்டெய்னரைக் காலி செய்து திருப்பிக் கொடுத்துவிட்டால் கப்பல் லைனின் டிடென்ஷன் (கன்டெய்னரைத் திருப்பாததற்கான கட்டணம்) நின்றுவிடும், கிடங்கு வாடகை மட்டும்தான். பலர் இதைச் செய்யாமல் மூன்று மாதம் கன்டெய்னரிலேயே பட்டாணியை வைத்து, வண்டு விழுந்து, சரக்கின் விலையைவிட டிடென்ஷன் பில் பெரிதான பிறகு விழிக்கிறார்கள்.

கஸ்டம்ஸ் பிடித்து வைத்த சரக்குக்கு வாடகை வசூலிக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கஸ்டம்ஸ் பகுதிச் சரக்குக் கையாளுகை விதி 6(1)(எல்) சொல்கிறது. அதற்கான சான்றை அதிகாரியிடம் வாங்கி சி.எஃப்.எஸ். என்னும் கன்டெய்னர் நிலையத்திடம் கொடுங்கள். ஆனால் முழுதாக நம்பாதீர்கள். ஸ்ரீ லக்ஷ்மி ஸ்டீல்ஸ் வழக்கில் 2017-இல் மும்பைத் துறைமுகத்தின் டெமரேஜ் (தாமத வாடகை) சுமை கடைசியில் இறக்குமதியாளர் தலையில்தான் விழுந்தது.

கொள்கைத் தளர்வுக் குழுவைப் பற்றி இரண்டு வரி போதும். கொள்கையின் 2.58 பத்தி, ஏ.என்.எஃப். 2டி படிவம். 'உண்மையான இடர்ப்பாடு' என்று காட்ட வேண்டும். டி.டி.யில் பணம் அனுப்பியவர்களுக்கு இதுதான் ஒரே நாகரிகமான வழி. பணம் போன ஸ்விஃப்ட் செய்தி, ஒப்பந்தம், விற்பவர் பணத்தைத் திருப்ப மறுத்த கடிதம் மூன்றையும் வையுங்கள். விரைவாக எதுவும் வராது. தளர்வு கையில் வரும்வரை சரக்கை ஏற்றாதிருப்பது நல்லது.

பதிந்த பிறகு

பதிவு கிடைத்தவுடன் வேலை முடிந்ததாக நினைப்பவர்கள் அடுத்த பள்ளத்தில் விழுகிறார்கள். பதிவுச் சான்றின் அளவைப் பில் ஆஃப் என்ட்ரி ஒவ்வொன்றிலும் கழித்து எழுதி வையுங்கள்; ஒரே எல்.சி.யில் சென்னையிலும் தூத்துக்குடியிலும் இறக்கினால் ஒரு துறைமுகத்துக்கு மற்றதன் கணக்கு தெரியாது, அதை நீங்கள்தான் காட்ட வேண்டும். பில் ஆஃப் லேடிங்கிலும் இன்வாய்ஸிலும் எல்.சி. எண் இருக்கட்டும்.

பெரிய ஆபத்து 44சி கட்டத்தில் இருக்கிறது. கடைசி ஷிப்மென்ட் தேதி மாதம் 30 என்று வையுங்கள். லைன் உங்கள் புக்கிங்கை அடுத்த கப்பலுக்குத் தள்ளிவிட்டால் பி.எல். தேதி அடுத்த மாதம் 4 ஆகிவிடும். சாதாரண நாளில் விற்பவர் கேட்டதும் வங்கி எம்.டி. 707 அனுப்பித் தேதியை நீட்டிவிடும், பணமும் போய்விடும். இப்போது அதே நீட்சி வங்கிக்குச் செல்லும், டிஜிஎஃப்டிக்குச் செல்லாது. பணம் போகும், சரக்கு மாட்டும். ஆகவே தடை வந்த வாரமே விற்பவரிடம் பேசி, ஃப்ரெய்ட் கூடினாலும் பரவாயில்லை என்று ஒரு கப்பல் முந்தி ஏற்றச் சொல்லுங்கள். 44சி தாண்டினால் எல்.சி.யை நீட்ட மாட்டோம் என்பதையும் அதே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள்.